மும்பை வெயிலிலும் உருகாத பழ ஜெல்லி: கடல்பாசியில் வீட்டிலேயே செய்வது எப்படி

போன வருஷம் மே மாதம், செம்பூரில் எங்கள் சொசைட்டி மொட்டைமாடியில் மகளுக்குப் பிறந்தநாள் வைத்தோம். கடையில் வாங்கிய ஜெல்லியைக் கிண்ணங்களில் எடுத்து வைத்து, கேக் வெட்டி, பாட்டுப் பாடி, எல்லோரும் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் பாதிக் கிண்ணங்களில் சிவப்புத் தண்ணீர்தான் நின்றது. அதைவிடச் சங்கடமான விஷயம், இரண்டாம் மாடி குஜராத்தி வீட்டு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு "இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டதும் நான் குப்பையில் கிடந்த டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பச்சைப் புள்ளி இல்லை. அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம் இருந்தது. ஜெலட்டின், அதாவது மாடு பன்றிகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கிற புரதம். அவர் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். விருந்துக்கு வந்த குழந்தை வெறுங்கையோடு நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஜெல்லி என்றால் கடல்பாசிதான்.

கடல்பாசி நமக்குப் புதுசும் இல்லை. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் ஓரத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும்தான் நம் நாட்டில் இதற்கு மூலப்பொருள். அவற்றைக் கொதிக்கவைத்து, சாற்றை உறையவிட்டுக் காயவைத்தால் வெள்ளை இழையாகவோ தூளாகவோ வருகிறது. கடைக்காரர் அதைச் 'சைனா கிராஸ்' என்பார், பேக்கரி சாமான் கடையில் 'அகர் அகர்' என்பார்கள், சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள், அது மலாய்ப் பெயர். எல்லாம் ஒன்றுதான். தமிழ் முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும்போது கஞ்சி, வடைக்குப் பக்கத்தில் ரோஸ் கலரில் வில்லை வில்லையாக ஒரு தட்டு இருக்குமே, அதேதான். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவரும் எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் கீழக்கரை அக்காதான்.

முதல் தடவை நானாகச் செய்தபோது கடல்பாசித் தூள், கோகம் (கொங்கண் பக்கத்துப் புளிப்புப் பழம்) சாறு, சர்க்கரை மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டேன். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தும் கஞ்சி மாதிரியே இருந்தது. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்பூனால் ஒரு முறை கிளறிப் பார்த்துவிட்டு, "புளிப்பைக் கூடப் போட்டுக் கொதிக்க வச்சீங்களா தம்பி? கடல்பாசி முதல்ல வெறும் தண்ணியில கரையணும். அது கரைஞ்சு முடிஞ்சப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றார். அவ்வளவுதான் சூத்திரம். இனி நான் எழுதப்போகும் எல்லாமே இந்த ஒரு வரியின் விளக்கம்தான், ஏனென்றால் வீட்டில் ஜெல்லி கெட்டுப்போவதற்கு நான் பார்த்தவரை பெரும்பாலும் இந்த ஒரு இடம்தான் காரணம்: ஒன்று முழுசாகக் கரைந்திருக்காது, இல்லையென்றால் புளிப்போடு சேர்ந்து கொதித்திருக்கும்.

காரணம் தெரிந்துகொண்டால் அளவை நீங்களே மாற்றிக்கொள்ளலாம், அதனால் கொஞ்சம் சொல்கிறேன். கடல்பாசியில் இருப்பது நீளமான சர்க்கரைச் சங்கிலிகள். அவை கொதிநிலையை ஒட்டிய சூட்டில்தான் தண்ணீரில் முழுசாகப் பிரியும். ஆறும்போது, ஏறக்குறைய 35 முதல் 40 டிகிரியில், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு தடவை இறுகிவிட்டால் மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். ஜெலட்டினோ நம் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும், அதனால்தான் எங்கள் மொட்டைமாடியில் அந்தக் கதி. புளிப்போடு கொதித்தால் அமிலம் அந்தச் சங்கிலிகளை வெட்டி வெட்டிப் போட்டுவிடும், பிறகு பின்னிக்கொள்ள நீளம் இருக்காது. என் கோகம் கஞ்சியானது இப்படித்தான்.

இந்த உருகாத குணத்தால்தான் கடல்பாசி விஞ்ஞானக் கூடத்துக்கே போனது. 1881ல் ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக்கின் கூடத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸே, கிருமிகளை ஜெலட்டினில் வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் காலத்தில் அது உருகிப்போகும், போதாததற்குச் சில கிருமிகள் அதையே தின்று தண்ணீராக்கிவிடும். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தான் சமையலில் ஜெல்லிக்குப் போடும் அகர் அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த குடும்பத்திடமிருந்து அவருக்குக் கிடைத்த சமையல் அறிவு அது. இன்றும் உலகம் முழுக்கப் பரிசோதனைக் கூடங்களில் கிருமி வளர்ப்பது அதில்தான். சமையலறையிலிருந்து போன அறிவு என்பதால் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

சரி, வாங்குவதற்கு வருவோம். மாட்டுங்காவில் ஸ்டேஷனை ஒட்டிய நம்மூர் மளிகைக் கடைகளில் இழை கிடைக்கும், 10 கிராம் பாக்கெட்டாகக் கட்டியிருப்பார்கள். தூள் வேண்டுமென்றால் கிராஃபர்ட் மார்க்கெட்டில் கேக் சாமான் விற்கும் கடைகளுக்குப் போங்கள், சிலிக்கான் அச்சும் அங்கேயே கிடைக்கும். முதல் தடவை செய்கிறவர்கள் தூளே வாங்குங்கள். அளப்பது சுலபம், சீக்கிரம் கரையும். இழை வாங்கினால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும். பாக்கெட்டில் 'ஜெல்லி கிரிஸ்டல்' என்று இருந்தால் அது வேறு, அதில் சர்க்கரையும் கலரும் சேர்ந்தே வரும். சிலவற்றில் பச்சைப் புள்ளி இருக்கும், அவை காராஜீனன் என்ற வேறொரு கடல்பாசிப் பொருளில் செய்தவையாக இருக்கலாம். உள்ளடக்கத்தில் 406 என்ற எண் அகர், 407 காராஜீனன், 440 பெக்டின் (பழங்களிலேயே இருக்கும், இறுகவைக்கும் பொருள்). இந்த மூன்றுமே தாவரம்தான்.

அளவு. கையில் எடுத்துக் கடித்துத் தின்கிற மாதிரி, டிபன் டப்பாவில் குலுங்கினாலும் உடையாத வில்லைக்கு, மொத்தம் அரை லிட்டருக்கு 5 கிராம் தூள். மட்டமாகத் தட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 2 கிராம், ஆக இரண்டரை டீஸ்பூன். ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுகிற மென்மை வேண்டுமென்றால் 3 முதல் 4 கிராம் போதும். எலுமிச்சை, கோகம், புளிப்பு ஆரஞ்சு மாதிரியான சாறாக இருந்தால் 6 கிராம் வரை போங்கள். இழை என்றால் ஏறக்குறைய அதே எடைதான், நான் ஒரு கிராம் கூட்டிப் போடுவேன்.

இப்போது அடுப்புக்கு வாருங்கள். 200 மில்லி பச்சைத்தண்ணீரில் தூளைத் தூவிக் கலக்கி ஐந்து நிமிஷம் அப்படியே விடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் தூளைக் கொட்டாதீர்கள், வெளிப்பக்கம் வழவழத்து உள்ளே காய்ந்த தூளோடு உருண்டை உருண்டையாகத் திரளும், அந்த உருண்டை எத்தனை நேரம் கொதித்தாலும் கரையாது. பிறகு மிதமான தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். கொதி வந்ததும் சிம்மில் வைத்து மூன்று, நான்கு நிமிஷம். பக்கத்திலேயே நில்லுங்கள், பால் மாதிரி சட்டென்று பொங்கும்.

கரைந்ததா என்று எப்படித் தெரியும்? கரண்டியை முக்கி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, முதுகுப்பக்கத்தைப் பாருங்கள். கரையாத கடல்பாசி அங்கே ஊறிய ரவை மாதிரி கண்ணாடிப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும். இழை போட்டிருந்தால் முதலில் நனைந்த பிளாஸ்டிக் நூல் மாதிரி இருக்கும், அப்புறம் வெந்த சேமியா மாதிரி, அப்புறம் கண்ணுக்கே தெரியாத வழவழப்பு. ஒரு புள்ளி தெரிந்தாலும் இன்னும் இரண்டு நிமிஷம் விடுங்கள், தண்ணீர் வற்றினால் இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டுக்கொள்ளலாம். இந்த இடத்தில் அவசரப்பட்டால் அப்புறம் எதைச் செய்தும் சரிக்கட்ட முடியாது.

சர்க்கரை அதற்குப் பிறகுதான். நான்கு, ஐந்து மேஜைக்கரண்டி போட்டு, கரைந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். முதலிலேயே சர்க்கரையைப் போட்டால் அது தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கடல்பாசியைக் கரையவிடாது. கரைந்தபின் போட்டாலோ நல்லது, ஜெல்லி தெளிவாகவும் உறுதியாகவும் வரும். நாட்டுச்சர்க்கரை, வெல்லம் போடுவதென்றால் தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள்.

கடைசியில் 300 மில்லி பழச்சாறு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற சாற்றை விட்டீர்களானால் ஊற்றிய இடத்திலேயே கடல்பாசி திரிதிரியாக உறைந்துவிடும். சாற்றை ஒரு கிண்ணத்தில் விட்டு அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்பை அணைத்து இரண்டு நிமிஷம் ஆன கடல்பாசியில் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். ஒரு ஸ்பூன் எடுத்துக் குளிர்ந்த ஸ்டீல் தட்டில் விடுங்கள். ஒன்றிரண்டு நிமிஷத்தில் விரலால் தள்ளினால் ஒரே வில்லையாக நகர வேண்டும். வழிந்தால் தூள் போதவில்லை. அப்படியானால் இன்னொரு டீஸ்பூனை அரை டம்ளர் தண்ணீரில் தனியாகக் கொதிக்கவைத்துக் கரைத்து இதில் சேருங்கள், தூளை நேராகப் போடாதீர்கள். ரொம்பக் கெட்டியாக இருந்தால் வெதுவெதுப்பான சாறு கொஞ்சம். சரியாக இருந்தால் தண்ணீரில் அலசிய ஈரத்தட்டிலோ அச்சிலோ ஊற்றி, மேலே மிதக்கும் நுரையை ஸ்பூனால் ஒதுக்கிவிடுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாமலே அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இறுகிவிடும். குளிர்ச்சிக்காகத்தான் ஃப்ரிட்ஜ்.

நன்னாரி சர்பத், ரோஸ் சிரப் எல்லாம் இதே முறைதான், சர்க்கரையை மட்டும் விட்டுவிடுங்கள்.

பழத்துக்குப் பழம் குணம் மாறும். இந்த ஊரில் வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று மலிவாக வந்துகொண்டே இருக்கும், அந்த விஷயத்தில் மும்பைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஜனவரியிலிருந்து நாசிக் கறுப்புத் திராட்சை, மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி. ஏப்ரல், மே வந்தால் ஹாபூஸ் மாம்பழம், தள்ளுவண்டியில் நுங்கு (இங்கே தாட்கோலா என்று கேட்க வேண்டும்). மழை தொடங்கும்போது நாவல். நாக்பூர் ஆரஞ்சு குளிர்காலத்தில். ஆரஞ்சுச் சாற்றைக் கொதிக்கவிட்டால் கசக்கும், அதனால் வெதுவெதுப்பைத் தாண்டவே விடாதீர்கள். நாவலில் கொட்டை எடுத்து மிக்சியில் அடித்து வடிகட்டினால், கலர் எதுவும் வேண்டாம், அப்படியொரு ஊதா வரும், ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்னாசி, பப்பாளி, கிவி இவற்றைப் பச்சையாகப் போட்டு ஜெலட்டின் ஜெல்லி செய்தால் உறையவே உறையாது. இவற்றில் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் இருக்கின்றன, ஜெலட்டின் புரதம். கடல்பாசி புரதமே இல்லை என்பதால் நமக்கு அந்தத் தொல்லை கிடையாது, தாராளமாகப் பச்சை அன்னாசித் துண்டைப் போடலாம். ஆனால் அன்னாசியைப் பாலோடு சேர்க்காதீர்கள், கசந்துவிடும். இங்கே நாம் பாலே சேர்க்கப்போவதில்லை, தேங்காய்ப்பால்தான்.

மாம்பழத்துக்குச் சாறு வேண்டாம், விழுது போதும். 250 மில்லி விழுதை நார் இல்லாமல் வடிகட்டி வெதுவெதுப்பாக்கி, 250 மில்லி தண்ணீரில் 4 கிராம் தூள் கரைத்துச் சேருங்கள். ஹாபூஸ் நல்ல இனிப்பாக இருந்தால் சர்க்கரை இரண்டு ஸ்பூன் போதும். இது கண்ணாடி மாதிரி தெளியாது, பால்கோவா மாதிரி மழுங்கலாக இருக்கும், அதுதான் அழகு. எங்கள் வீட்டில் முதலில் தீர்ந்துபோகிறது இதுதான்.

கோகத்தை நான் விட்டுவிடவில்லை. கொங்கண் பக்கத்துக் காய்ந்த கோகம், கடையில் ஆம்சூல் என்று கேட்டால் தருவார்கள், 15 அல்லது 20 துண்டை 300 மில்லி வெந்நீரில் அரை மணி ஊறவைத்துக் கையால் நன்றாகப் பிசைந்து வடிகட்டுங்கள். தண்ணீரில் 6 கிராம் தூளைக் கரைத்து, சர்க்கரை எட்டு மேஜைக்கரண்டி வரை போட்டு, அடுப்பை அணைத்து ஐந்து நிமிஷம் ஆறவிட்டு, அதன் பிறகே கோகம் சாறு. அதோடு வறுத்துப் பொடித்த சீரகம் கால் டீஸ்பூன், கறுப்பு உப்பு ஒரு சிட்டிகை. ஒருமுறை சேர்த்தபின் மறுபடி அடுப்பில் ஏற்றவே கூடாது. செம்பருத்திச் சிவப்பில், வாயில் வைத்ததும் முதலில் புளிப்பு, அப்புறம் இனிப்பு, கடைசியில் சீரகம். மத்தியான வெயிலில் ஆபீஸிலிருந்து வந்தவர்களுக்கு இரண்டு வில்லை கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம் இளநீர். இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், விருந்துக்கு வைத்தால் எல்லோரும் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார்கள். இளநீரைக் கொதிக்கவைத்தால் அந்தப் புதுவாசனை போய்விடும். அதனால் 150 மில்லி தண்ணீரில் 5 கிராம் தூளைக் கரைத்து, மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு, வெதுவெதுப்பாக்கிய 350 மில்லி இளநீரைச் சேருங்கள். தட்டில் கால்வாசி உயரம் ஊற்றி, மேலே லேசாக ஏடு கட்டியதும் இளநீர் வழுக்கையையும் நுங்கையும் சின்னச் சின்னதாக நறுக்கி அடுக்குங்கள். பழத்துண்டை முதலில் துணியில் ஒற்றி ஈரம் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் துண்டைச் சுற்றித் தண்ணீர் நின்று, வெட்டும்போது ஜெல்லி தனியாக, பழம் தனியாகக் கழன்று வரும். எல்லாவற்றையும் மொத்தமாக ஊற்றினால் பழம் மிதக்கும் அல்லது அடியில் போய் உட்காரும். மீதியை அடுப்பில் மிகச் சிறு தீயில் சூடாகவே வைத்திருந்து மேலே ஊற்றுங்கள்.

இதன் மேல் வெள்ளை அடுக்கு: 200 மில்லி தண்ணீரில் 4 கிராம் தூளைக் கரைத்து, சர்க்கரை மூன்று ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, கெட்டித் தேங்காய்ப்பால் 200 மில்லி. தேங்காய்ப்பால் சேர்த்தபின் கொதிக்கவிடாதீர்கள், திரிந்து எண்ணெய் பிரியும். இப்போது அடுக்கு விஷயம். கீழ் அடுக்கு விரலால் தொட்டால் ஆட வேண்டும், ஆனால் விரலில் கொஞ்சம் ஒட்ட வேண்டும். அந்த நேரத்தில் மேல் அடுக்கைச் சூடாக ஊற்றினால் இரண்டும் பிடித்துக்கொள்ளும். கீழ் அடுக்கு முழுக்க ஆறி இறுகிவிட்டதா? முள்கரண்டியால் மேலே லேசாகக் கீறிவிட்டு, கொஞ்சம் கூடுதல் சூட்டில் ஊற்றுங்கள். ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் மெல்ல ஊற்றினால் பள்ளம் விழாது. ஆறிய கீழ் அடுக்கில் ஆறிய மேல் அடுக்கை ஊற்றினால் வெட்டி எடுக்கும்போது இரண்டும் சறுக்கிக்கொண்டு போகும்.

கலர் வேண்டும் என்று குழந்தைகள் கேட்டால், பீட்ரூட் சாறு இரண்டு ஸ்பூன், அல்லது காய்ந்த சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த நீலம். அந்த நீலத்தில் நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் ஊதாவாக மாறும், குழந்தைகள் கண்ணெதிரே செய்யுங்கள். எலுமிச்சை எப்போது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. தேன் மட்டும் வேண்டாம், முழுக்கத் தாவரம் என்று சொல்லிவிட்டுத் தேன் விடுவது சரியல்ல. ஜெயின் வீட்டுக் குழந்தைகள் வருவதாக இருந்தால் பீட்ரூட் போடாதீர்கள், அவர்கள் கிழங்கு சாப்பிட மாட்டார்கள். கடல்பாசி அவர்கள் வீட்டில் உண்டா என்பதையும் முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடல்பாசி ஜெல்லி, கடையில் விற்கும் கரடி மிட்டாய் மாதிரி சவ்வுசவ்வென்று இழுபடாது. கடித்தால் நறுக்கென்று உடையும். அது அதன் குணம், எவ்வளவு கூடுதலாகப் போட்டாலும் மெழுகு மாதிரி விறைக்குமே தவிர இழுபடாது. மெல்லுகிற மாதிரி வேண்டுமென்றால் கொய்யாவுக்குப் போங்கள். கோவாக்காரர்கள் 'பெராட்' என்று கிறிஸ்துமஸுக்குச் செய்வார்கள், அந்தச் சமயம் பாந்திரா பக்கம் பேக்கரிகளில் பார்க்கலாம். கொய்யாவிலேயே பெக்டின் நிறைய இருப்பதால் வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். நன்றாகப் பழுத்த ஒரு கிலோவில் ஒன்றிரண்டு அரைப்பழமும் இருக்கட்டும், அதில்தான் பெக்டின் அதிகம். நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் குழைய வேகவைத்து, விதை இல்லாமல் சல்லடையில் தேய்த்து எடுங்கள். விழுதை நிறுத்து, அதன் முக்கால் பங்கு எடைக்குச் சர்க்கரை, ஒரு எலுமிச்சைச் சாறு. இங்கே புளிப்பு நமக்குத் துணை, பெக்டின் இறுகப் புளிப்பு வேண்டும், கடல்பாசிக்கு நேர் எதிர். அடிகனத்த வாணலியில் விடாமல் கிளறுங்கள், 40 நிமிஷத்துக்கு மேல் ஆகும், கையில் தெறிக்கும், நீளக் கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். அல்வா மாதிரி திரண்டு ஓரத்தை விட்டு விலகி உருண்டு வரும்போது, தேங்காய் எண்ணெய் தடவிய தட்டில் கொட்டிப் பரப்பி, மறுநாள் வெட்டுங்கள். டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும், கடல்பாசி ஜெல்லி மூன்று நாள்தான்.

மேலே கற்கண்டு மாதிரி மொறுமொறுப்பு, உள்ளே ஜெல்லி, அப்படியும் ஒன்று ஜப்பானியர்கள் செய்கிறார்கள்: 200 மில்லி தண்ணீரில் 4 கிராம் தூளைக் கரைத்து, 300 கிராம் சர்க்கரை போட்டுப் பாகு நூலாக இழுபடும்வரை காய்ச்சி உறையவிட்டு, துண்டு போட்டு, நான்கைந்து நாள் நிழலில் காயவைக்க வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை இந்த ஊரில் முயற்சியே செய்யாதீர்கள், மழைக்காற்றில் அப்பளமே நமுத்துப்போகிறது, இது எங்கே காயப்போகிறது. டிசம்பரில் செய்தது அருமையாக வந்தது.

குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது கவனம். உருகாது என்பது நல்ல குணம்தான், ஆனால் அதே காரணத்தால் வாயிலும் தொண்டையிலும் கரையாது. சின்னக் குழந்தைகளுக்குப் பெரிய வழவழப்பான உருண்டை வேண்டாம், சின்னதாக நறுக்கி, உட்காரவைத்து, மென்று தின்னச் சொல்லுங்கள். உள்ளே முழுத் திராட்சை வைக்காதீர்கள், நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். கோஞ்சாக் என்ற கிழங்கு மாவில் செய்த சின்னக் கிண்ண ஜெல்லி தொண்டையில் அடைத்து உயிர்கள் போனதால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதைத் தடை செய்தார்கள். கடல்பாசித் தூளையும் கொதிக்கவைக்காமல் யாரும் வாயில் போடக் கூடாது, தொண்டையில் ஊறிப் பெருக்கும்.

ஸ்கூல் டப்பாவுக்குப் பழச்சாறு ஜெல்லி மட்டும். காலையில் ஜில்லென்று வைத்தால் இடைவேளை வரை அருமையாக இருக்கும். தேங்காய்ப்பால் அடுக்கு உருகாமல் அப்படியே நிற்கும், ஆனால் வெயிலில் கெட்டுப்போயிருக்கும், பார்த்தால் தெரியாது, அதனால் அதை வீட்டிலேயே சாப்பிடுங்கள். ஃப்ரிட்ஜில் மூடி வைத்த டப்பாவில் அடியில் கொஞ்சம் தண்ணீர் கசிவது இயல்பு, வடித்துவிட்டுக் கொடுங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், பனிக்கட்டி உள்ளே கீறி, வெளியே எடுத்தால் தண்ணீர் முழுக்க வடிந்து பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

ஓரம் வெட்டிய துண்டுகளை வீணாக்க வேண்டாம். புளிப்பில்லாத ஜெல்லி என்றால் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு உருக்கி மறுபடி ஊற்றலாம். புளிப்பானதை நறுக்கி சப்ஜா விதையோடு சர்பத்தில் போட்டுவிடுங்கள். பாத்திரத்தில் மிஞ்சியதை மட்டும் சூடாக இருக்கும்போது சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். குழாய்க்குள் போய் ஆறி அங்கேயே இறுகிவிடும், எந்தக் குழாய் வெந்நீருக்கும் அது உருகாது. பாத்திரத்திலேயே ஆறவிட்டு, கரண்டியால் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள்.